அபஸ்வரம் என்று சொல்லிவிடாதீர்கள்!

பெண்ணைப் பாட்டுக்கோ வீணைக்கோ அனுப்பினால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பியானோ என்றால் மட்டும் ஆளுக்கொரு அபிப்பிராயம்! அதிலும் இருபதாம் நூற்றாண்டுப் பாடங்கள் ஆரம்பித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

லண்டன் பரீட்சைகளுக்குப் படிக்கும் குழந்தைகளுக்குப் பழைய இசையோடு புதிய இசையும் பாடமாக வரும். என் பெண்ணுக்கு வந்தது ஹங்கேரி நாட்டு பேலா பார்டோக் எழுதிய ஒரு சின்னப் பாடம். இரண்டு கையும் ஒன்றோடொன்று சண்டை போடுவது போல இருந்தது. "என்னடி இது, ஒரே அபஸ்வரமா இருக்கே!" என்றார் என் மாமியார். அவ்வளவுதான். மூடியை இறக்கினவள் பத்து நாள் திறக்கவில்லை. "எனக்குப் பியானோவே வேண்டாம்மா" என்று பிடிவாதம். நாலு வருஷப் படிப்பாயிற்றே! நேரே அவளுடைய மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

பார்டோக் 1881இல் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். டீச்சர் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய அம்மாதான் அவருக்கு முதல் பியானோ குரு. பெரியவரானதும் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்களின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். நம் காதுக்குப் புதிதாகப் படும் ஸ்வரங்களில் பல அந்தப் பாட்டுகளிலிருந்து வந்தவை. 1926 முதல் 1939 வரை 'மைக்ரோகாஸ்மாஸ்' என்று 153 பாடங்களை எழுதினார். மொத்தம் ஆறு புத்தகங்கள். முதல் இரண்டும் தம் மகன் பேட்டருக்குக் காணிக்கை.

ஆரம்பப் பாடங்களில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். 115ஆவது பாடம் பல்கேரியத் தாளம், ஐந்து எண்ணிக்கை. அதைச் சொன்னதும் "தகிட தக, தக தகிட" என்று மாமியாரே தொடையில் தட்டிக் காட்டினார்! 142ஆவது, சிலந்தி வலையில் சிக்கிய ஈயின் கதை. அந்த ரீங்காரத்துக்கு ஒன்றோடொன்று இடிக்கும் ஸ்வரங்கள்தானே பொருத்தம்? இந்தக் கதையைச் சொன்னேன். "ஈ தப்பிச்சுதாம்மா?" என்றாள். "தப்பிச்சுது" என்றேன். அன்று சாயங்காலம் மூடி திறந்தது.

புதிய பாடம் பழகும் குழந்தைகளுக்கு மிஸ் சொன்ன யோசனைகள்:

முதலில் ஒவ்வொரு கையாக, மெதுவாக வாசிக்கட்டும். இரண்டையும் சேர்ப்பது அப்புறம்.

மெட்டை வாயால் பாடச் சொல்லுங்கள். பார்டோக்கே சில பாடங்களைப் பாட்டோடு எழுதியிருக்கிறார்.

பாடத்தின் முடிவில் இத்தனை விநாடி என்று குறித்திருப்பார். அது நன்றாகப் பழகிய பிறகு பார்க்க வேண்டியது. முதல் நாளே கடிகாரத்தோடு போட்டி வேண்டாம்.

புது இசை என்றால் எல்லாவற்றையும் ஓங்கி இடிப்பதல்ல. அழுத்தக்குறி இருக்கும் இடத்தில் மட்டுமே அழுத்தம்.

தோளைத் தூக்கக் கூடாது. மணிக்கட்டு இறுகக் கூடாது. கை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் தினமும் கால் மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். ஸ்வரம் ஒன்றும் எனக்குத் தெரியாது, உட்காருவதோடு சரி. மாமியாருக்கு அந்தப் பாடம் இன்னும் பிடிக்கவில்லை. ஆனால், குழந்தை எதிரில் அதைச் சொல்வதில்லை.

உங்கள் குழந்தையும் காதுக்குப் பழகாத எதையாவது வாசித்தால், முகத்தைச் சுளிக்காமல், "எங்கே, இன்னொரு தடவை வாசி" என்று சொல்லிப் பாருங்களேன்!