சீவற் புகையிலை

ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்கி என்னிடங் காட்டிய மாணவர் ஒருவர், "அவர் செதிற் புகையிலையைத் துடைத்தழித்துச் சுங்கானில் இட்டார்" என எழுதியிருந்தார். செதில் மீனுக்குரியது, துடைத்தழித்தல் கரும்பலகைக்குரியது. வினவியபோது, "அகராதியைப் பார்த்தே எழுதினேன், ஐயா" என்றார். உண்மையே. பொருளைக் காணாது சொல்லைப் பெயர்த்ததனால் வந்த கேடு இது. யான் புகைப்பவனல்லன், புகைத்தலைப் போற்றுபவனுமல்லன். ஆயினும் அவர் ஏட்டைத் திருத்தும் பொருட்டு இதனை ஆராய நேர்ந்தது.

ஆங்கிலேயர் 'பிளேக்' என வழங்கும் இப்புகையிலை ஆகுமாறு யாது? பக்குவஞ்செய்த இலைகளின் நடுநரம்பை நீக்கி, ஈரங்காட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பேரழுத்தத்தில் நெடும்பொழுது வைப்பர். அவை இறுகிக் கட்டியாகும். அக்கட்டியைக் கூரிய அலகினால் மெல்லிதாகச் சீவுவர். 1792ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் தோன்றிய சாமுவேல் காவித் நிறுவனம் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. பாக்கைச் சீவினாற் சீவல் என்கின்றோம். புகையிலைக் கட்டியைச் சீவினால் அது சீவற் புகையிலை ஆகாதோ? 'பிளேக்' என்றே எழுதிவிடலாமே என்பார்க்கு ஒன்று கூறுவேன்: படிப்போர் கொள்ளைநோயை நினைந்து அஞ்சுவர்.

தகரப்பேழையினின்றும் எடுத்த சீவல் உடனே புகைத்தற்கு ஆகாது. ஈரம் மிக்கிருத்தலின் எளிதில் தீப்பற்றாது. பற்றினும் அடிக்கடி அணையும். எழும் ஆவி நாவைச் சுடும். ஆதலின் அரைமணியோ ஒருமணியோ தாளிற் பரப்பி உலர்த்துவர். விரலாற் பிசைந்தால் ஒட்டாமலும், பொடியாகாமலும் இருப்பதே பதம். நம் சுருட்டுக் கொட்டில்களில் நிகழ்வது இதன் மறுதலை. ஆங்கே உலர்ந்த இலை சுற்றும்போது வெடியாதிருக்க ஈரப்படுத்துவர். ஒருவர் ஈரத்தை ஊட்ட, ஒருவர் போக்க, இருவர் தொழிலுக்கும் 'பதம்' என்னும் ஒரு சொல்லே அமைந்துவிடுகின்றது. இச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'தேவையான ஈரநிலை' என்று நீட்டி எழுதுவாரை என் சொல்வது?

உலர்ந்தபின், சீவலை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து நாராக உதிர்ப்பர். மாணவர் துடைத்தழித்தது இதனைத்தான்! 'கசக்கி உதிர்த்தார்' என்றால் முடிந்தது. சிலர் உதிர்க்காது நீளவாட்டில் மடித்துச் செருகுவர். உதிர்த்தது விரைந்தெரியும், மடித்தது ஆறுதலாகக் கனலும். ஆகவே கதையில் ஒருவர் உதிர்த்தாரா, மடித்தாரா என்பதில் அவர் இயல்பே புலப்படக்கூடும். இரண்டையும் 'திணித்தார்' என்று எழுதுவார் கதைமாந்தரைக் குறைத்துவிடுகின்றார்.

இவை அற்ப விடயங்கள் என்பார் கொனன் டொயிலை நோக்குக. 1887ஆம் ஆண்டில் வெளிவந்த முதலாவது சேர்லொக் ஹோம்ஸ் கதையிற் கொலைஞனை இனங்காண உதவும் தடயங்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல். அங்கே வெறுமனே 'சுருட்டு' என்று பெயர்த்தால் துப்பே போய்விடும். 1892ஆம் ஆண்டில் வந்த இன்னொரு கதையில், முதனாட் புகைத்த சுங்கான்களில் எஞ்சியவற்றையெல்லாம் உலர்த்திச் சேர்த்துக் காலையுணவின்முன் புகைக்கின்றார் ஹோம்ஸ். சுங்கானின் அடியிற் கிடக்கும் அவ்வெச்சத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. காதிடுக்கிற் செருகிவைக்கும் 'குறைச்சுருட்டு' நமக்குத் தெரியும். அதனையொட்டிக் 'குறைப்புகையிலை' என்று மாணவருக்கு எழுதிக்கொடுத்தேன். எனக்கே நிறைவில்லை. இதனினும் ஏற்ற சொல் அறிந்த அன்பர்கள் எழுதுவாராக.