இரண்டு சக்கரமா, மூன்று சக்கரமா? வண்டி நிற்கும் இடத்தில் முடிவு செய்வோம்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நாளில், மருந்து, உணவு, அடுத்த பரிசோதனை ஆகியவை பற்றிய ஐயங்களெல்லாம் தீர்ந்த பிறகு, கதவருகே நின்றபடி ஒரு கேள்வி எழுவது வழக்கம்: "இனி வண்டி எப்போது ஓட்டலாம்?" கேட்பவர் நோயாளி. அவருக்குப் பின்னால் நிற்கும் மனைவியோ மகனோ, வேண்டாமென்று சொல்லுங்கள் என எங்களுக்குக் கண்ணால் சைகை காட்டுவார்கள்.

"வேண்டாம்" என்பது எங்களுக்கு எளிய விடை. ஆனால் அவ்விடை வீட்டு வாசலைத் தாண்டி நெடுநாள் நிலைப்பதில்லை. கடை திறப்பதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், பேருந்து வராத ஊரிலிருந்து வேலைக்குப் போவதும் ஒரு சிறு ஸ்கூட்டரை நம்பியே நடக்கும் குடும்பங்கள் பல. தெளிவான விடை கிடைக்காதபோது, ஒரு நாள் எவரும் வீட்டில் இல்லாத வேளையில், அவரே வண்டியை வெளியே எடுத்துவிடுகிறார். அப்படி எடுத்து விழுந்து, கூடுதலாக ஓர் எலும்பு முறிவுடன் எங்களிடம் திரும்பி வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களுள் பலர் சொன்னது ஒன்றே: "ஓட்டும்போது ஒன்றும் ஆகவில்லை; நிறுத்தும்போதுதான் விழுந்தேன்."

இந்த ஒரு வரியில்தான் இவ்விதழில் நாங்கள் சொல்ல விரும்பும் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. வழக்கமான இருசக்கர ஸ்கூட்டரா, இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரா என்பதை வண்டி ஓடுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது நிற்பதையும் திரும்புவதையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வழக்கமான வண்டியை எடுத்துக்கொள்வோம். இன்று நம் தெருக்களில் ஓடும் 110 சி.சி., 125 சி.சி. ஸ்கூட்டர்களுக்குக் கியர் மாற்றும் வேலை இல்லை. இரண்டு பிரேக்குகளும் கைப்பிடியிலேயே இருக்கின்றன. பழைய கியர் ஸ்கூட்டர்களில் பின்சக்கரப் பிரேக்கை வலக்காலால் மிதிக்க வேண்டியிருந்தது. அத்தேவையும் இப்போது நீங்கிவிட்டது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில், ஒரு பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து தடைபடும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்போ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே ஓடும் ஸ்கூட்டருக்கு ஓட்டுநரின் கால்களால் பெரிய வேலை ஏதுமில்லை. வேகம் இருக்கும்வரை வண்டி தன் சமநிலையைப் பெரும்பாலும் தானே காத்துக்கொள்கிறது. காலில் வலுக் குறைந்தவர் நூறு அடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குச் சரியாகிவிட்டது" என்று மகிழ்வது இதனால்தான்.

சிக்னலில் நின்றவுடன் நிலைமை தலைகீழாகிறது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒரு பொருளை, அதன் மேல் அமர்ந்திருக்கும் தம் எடையுடனும் பின்னால் இருப்பவரின் எடையுடனும் சேர்த்து, ஒரு காலோ இரு கால்களோ தாங்க வேண்டும். வண்டி நேராக நிற்கும்வரை அந்தச் சுமை தெரியாது. சற்றே சாய்ந்ததும் அது சட்டென்று பெருகுகிறது. பக்கவாதத்தில் ஒரு கால் தளர்ந்தவருக்கு, அந்தப் பக்கமாக வண்டி சாயும் கணத்தில் காலைத் தூக்கி ஊன்ற நேரம் போதாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குக் கால் தரையில் பதிந்ததா, சரளைக்கல்லில் வழுக்குகிறதா என்பதே தெரியாமல் போகலாம். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வலியில்லாமல் நடக்கலாம். ஆயினும் பக்கவாட்டில் திடீரென இறங்கும் சுமையைத் தாங்குவது நடப்பதினின்றும் வேறான வேலை.

எனவே நாங்கள் கேட்கும் முதற்கேள்வி, "எவ்வளவு தொலைவு ஓட்டுவீர்கள்?" என்பதன்று. "நிற்கும் வண்டியை இரு பக்கமும் உங்களால் பிடித்து நிறுத்த முடியுமா?" என்பதே. இதனை இயன்முறை மருத்துவரின் முன்னிலையில், எஞ்சினை அணைத்த நிலையில், இரு பக்கமும் ஆள் நிற்கச் சோதித்துப் பார்க்கலாம். வண்டியில் அமர்ந்து, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இடப்புறம் சற்றுச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு வலப்புறமும் அவ்வாறே செய்ய வேண்டும். களைப்பு வரும்வரை சிலமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். முதல்முறை முடிந்து ஆறாம்முறை முடியாமல் போனால், மாலை நேரப் போக்குவரத்து நெரிசலில் என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பலமுறை தடையின்றி முடிந்தால், பிற சோதனைகளுக்குப் பின் இருசக்கர வண்டிக்கே திரும்புவதைப் பற்றிப் பேசலாம். சிலருக்கு இது மூன்று மாத உடற்பயிற்சியில் கைகூடும். சிலருக்குக் கைகூடாது.

கைகூடாதவர்களுக்கு உரியதே இணைப்புச் சக்கர வண்டி. நாம் அதை மூன்று சக்கர ஸ்கூட்டர் என்று அழைத்தாலும், பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு சக்கரம் சேர்வதால் பெரும்பாலானவற்றில் தரையைத் தொடுபவை நான்கு. பெயர் எதுவாயினும் அதன் பயன் ஒன்றே: நிற்கும்போது வண்டி தானாக நிற்கும், காலை ஊன்ற வேண்டியதில்லை. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களும், காலை இழந்தவர்களும், இடுப்புக்குக் கீழே வலு இழந்தவர்களும் இவ்வண்டியில் தாமே வேலைக்குச் சென்று வருவதை நம் ஊர்களில் நாள்தோறும் பார்க்கிறோம்.

மூன்று சக்கரம் இருந்தாலே வண்டி நிற்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. வெளிநாடுகளில் முன்பக்கம் இரு சக்கரங்கள் கொண்ட ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. 2006இல் வந்த பியாஜியோ எம்பி3, 2014இல் வந்த யமஹா டிரைசிட்டி 125 ஆகியவை அவ்வகையின. இவை வளைவில் இருசக்கர வண்டியைப் போலவே சாயும். ஈரச் சாலையில் பிடிமானம் கூடும் என்பது இவற்றின் சிறப்பு. ஆயினும் எம்பி3 வண்டியில் சாய்வைப் பூட்டும் விசையை இயக்கினால்தான் அது கால் ஊன்றாமல் நிற்கும். டிரைசிட்டி 125இல் அத்தகைய பூட்டு இல்லை. நிறுத்தியதும் காலை ஊன்றியே ஆக வேண்டும். இணையத்தில் படத்தைப் பார்த்து, "இதை வரவழைத்தால் என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: சக்கரங்களை எண்ணாதீர்கள், நின்றால் எது தாங்குகிறது என்று கேளுங்கள்.

இனி மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். குடும்பத்தார் பலர், "சக்கரம் பொருத்தியாயிற்று, இனி விழமாட்டார்" என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியை நாங்கள் முழுமையாகப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. நிற்கும்போது இவ்வண்டி தரும் பாதுகாப்புக்குத் திரும்பும்போது ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இருசக்கர வண்டி வளைவில் உட்புறமாகச் சாய்கிறது. அச்சாய்வே அதை விழாமல் காக்கிறது. இணைப்புச் சக்கர வண்டியால் சாய இயலாது. வேகமாகத் திரும்பினால் வெளிப்புறம் தள்ளும் விசை முழுவதும் வெளிச்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. உட்சக்கரம் இலேசாகி மேலெழவும் கூடும். இருபது ஆண்டுகள் இருசக்கர வண்டி ஓட்டியவருக்கே இதில் இடர் மிகுதி. ஏனெனில் உடலைச் சாய்த்தால் வண்டியும் சாய்ந்து திரும்பும் என்பது அவருடைய உடலில் ஊறிய பழக்கம். புதிய வண்டி அப்பழக்கத்துக்குப் பணியாது. கைப்பிடியைத் திருப்பினால்தான் திரும்பும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவே பிரேக் பிடிக்கக் கூடாது. உடலை உட்புறமாக வளைத்து அமர வேண்டும். பின்னால் அமர்பவர் அஞ்சி வெளிப்புறம் சாய்ந்தால் இடர் இன்னும் கூடும். ஆகவே பழகும் நாள்களில் எவரையும் ஏற்ற வேண்டாம்.

வேறு சில வேறுபாடுகளும் உண்டு. இருசக்கர வண்டி பள்ளத்தை விலக்க ஒரு கோடு போதும். இவ்வண்டிக்கு மூன்று தடங்கள் தேவை. நடுச்சக்கரம் தப்பினாலும் பக்கச்சக்கரம் விழும். சாலையின் இடப்புற ஓரம் உடைந்திருக்கும் இடங்களில் இதை நினைவிற்கொள்ள வேண்டும். கைப்பிடி நுழையும் இடைவெளியில் பின்பகுதி நுழையாது. வாசற்கதவுத் தூணில் முதலில் இடிப்பது பக்கச்சக்கரமே. காலால் உந்திப் பின்னோக்கி நகர்த்துவது கால் வலுவற்றவருக்கு இயலாது. ஆகையால் பின்னோக்கிச் செல்லும் வசதியுடன் கூடிய இணைப்பு கிடைக்குமா என்று கேட்டு வாங்குவது நல்லது. சரிவில் நிறுத்தினால் வண்டி விழாது, ஆனால் உருளும். பிரேக்கைப் பூட்டும் கொக்கி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள் கால்தளத்திலிருந்து கால் நழுவாதபடி பட்டை பொருத்திக்கொள்வதும், சைலன்சரின் சூட்டில் கால் படாமல் மறைப்பு அமைப்பதும் இன்றியமையாதவை. சுட்டது தெரியாமலே ஆழ்ந்த புண்ணாகிவிடும். உடலை நிமிர்த்தி அமர வலுவில்லாதவர்களுக்கு முதுகுச் சாய்மானமும் தேவை.

இணைப்புச் சக்கரம் காலுக்குத்தான் மாற்று. கண்ணுக்கும் கவனத்துக்கும் அது மாற்றாகாது. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கப் பார்வை குறைந்துவிடுகிறது. வேறு சிலருக்குப் பார்வை இருந்தும் இடப்பக்கம் நடப்பது மனத்தில் பதிவதில்லை; தட்டில் இடப்பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இதைக் குடும்பத்தார் கவனித்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். வலிப்பு வந்தவர்களும், நரம்பியல் மருத்துவரின் ஒப்புதல் இன்றி, எத்தனை சக்கர வண்டியாயினும் ஓட்டக் கூடாது. இவர்களிடம் "வேண்டாம்" என்று நாங்கள் தயங்காமல் சொல்வோம்; அதற்குரிய காரணத்தையும் சேர்த்தே சொல்வோம்.

பலருக்குத் தடையாக இருப்பது வண்டியின் இயல்பன்று, கூச்சம். "பக்கச் சக்கரம் போட்டால் தெருவில் எல்லாரும் பார்ப்பார்களே" என்று சொல்லிப் பழைய வண்டியிலேயே பிடிவாதமாக ஏறுகிறார்கள். சட்டம் இவ்வண்டியை அழைக்கும் பெயரே இப்போது மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு இயலாதவரின் வண்டி என்று பொருள்படும் சொல் இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்ற பொருளுடைய சொல்லை அவ்விடத்தில் வைத்தது. மாறியது வண்டிதான், ஓட்டுபவர் அல்லர் என்பதே அதன் உட்பொருளாக எங்களுக்குத் தோன்றுகிறது. கண்ணாடி அணிபவரை நாம் எவ்வாறு பார்க்கிறோமோ, அவ்வாறே இதையும் பார்க்கப் பழக வேண்டும். அப்பழக்கம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.

நடைமுறை குறித்தும் ஒரு சொல். பட்டறையில் சக்கரம் பொருத்தியவுடன் சாலையில் இறங்கிவிடாதீர்கள். வண்டியின் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேரும்போது இழப்பீட்டில் சிக்கல் எழலாம். மாற்றியமைக்கப்பட்ட வாகனத்துக்கு உரிய ஓட்டுநர் உரிமமும் பெற வேண்டும். தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைத் தகுதியுடையோர்க்கு விலையின்றி வழங்குகிறது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தகுதி விவரம் கேட்டறியுங்கள். தேவையான மருத்துவச் சான்றுகள் குறித்து எங்கள் பிரிவில் உதவி பெறலாம்.

எங்கள் கோரிக்கை எளியது. வண்டியைப் பற்றிய கேள்வியைக் கதவருகே நின்று கேட்காதீர்கள். முதல் வாரத்திலேயே, நாற்காலியில் அமர்ந்து, குடும்பத்தாரையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். நோயாளி தம் தேவையைச் சொல்லட்டும். குடும்பத்தார் தம் அச்சத்தைச் சொல்லட்டும். நிற்கும் வண்டியைத் தாங்க முடிகிறதா என்று சேர்ந்து சோதித்துப் பார்ப்போம். முடிந்தால் பழைய வண்டி. முடியாவிட்டால் புதிய வண்டி. புதிய வண்டியானால் ஆளில்லாத திடலில் சில வாரங்கள் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, தலைக்கவசத்துடன் சாலைக்கு வாருங்கள். ஓட்டத் தெரிந்தவருக்கு மீண்டும் கற்பது சற்று மனவருத்தம் தரும் என்பதை அறிவோம். இங்கே நடக்கவே மீண்டும் கற்றவர் நீங்கள், வண்டியையும் கற்றுக்கொள்வீர்கள்.