இஞ்சினுக்கு ஜீர்ணோத்தாரணம்

திருவண்ணாமலைக்குச் செல்கிறவர்கள் அண்ணாமலையாரைத் தரிசிப்பார்கள். கால் வலுவுள்ளவர்கள் பதினான்கு கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருவார்கள். நாமோ அண்மையில் ஒரு வழக்குக்குத் தீர்ப்புக் கூறுவதற்காக அங்கே போக நேர்ந்தது. வழக்கு ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றியது. வாதி தகப்பனார், பிரதிவாதி அவருடைய பிள்ளை. சாட்சி சொல்ல வேண்டிய வண்டியோ, வாயைத் திறந்தால் புகையைத்தான் கக்கியது.

வாதியான நம் நண்பர் பள்ளிக்கூட ஆசிரியர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய தகப்பனார் வாங்கிய புல்லட் வண்டியில்தான் இன்றும் செங்கம் சாலை வழியாகப் பள்ளிக்குப் போய் வருகிறார். சில மாதங்களாக வண்டிக்கு மூச்சுத் திணறல் கண்டிருந்தது. பத்து முறை உதைத்தால் ஒரு முறை கிளம்பும். கிளம்பினால் நீலப் புகை. சிறிய மேட்டைக் கண்டாலும் பெருமூச்சு. நாற்பது ஆண்டுகள் உழைத்த யந்திரத்தைக் குறை கூறுவதற்கில்லை. "காலத்தில் எண்ணெய் மாற்றாமல் விட்டது நான்தான்" என்று நண்பரே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பிள்ளையின் வாதம் இது: "பழைய இஞ்சினைப் பிரித்தால் ஒன்று போய் ஒன்பது செலவு வரும், அப்பா. சென்னைப் புதுப்பேட்டையில் முழு இஞ்சினே கிடைக்கிறது. வாங்கிப் பூட்டிவிடலாம்."

தகப்பனாரின் வாதம் ஒரே வாக்கியம்: "இது உன் தாத்தாவின் இஞ்சின்."

இதுவரை பேசாமலிருந்த அம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும். அதை மட்டும் இரண்டு பேரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அங்கே பேசிய மூவரில் கணக்கோடு பேசியவர் அவர் ஒருவரே என்று நமக்குத் தோன்றியது.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சற்றே சொல்ல வேண்டும். ராயல் என்ஃபீல்டு புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது. 1955-ம் ஆண்டில் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ம் ஆண்டையொட்டி இங்கிலாந்துக் கம்பெனி மறைந்து போயிற்று. திருவொற்றியூர் மறையவில்லை. 1977-ம் ஆண்டில் சென்னையில் செய்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! ஆசிரியர் ஊதறிய தீயைச் சீடன் அணையாமல் காத்து, ஆசிரியரின் வீட்டிலேயே விளக்கேற்றிய கதை இது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இஞ்சினைச் செய்வது 2010-ம் ஆண்டையொட்டி நின்றுவிட்டது. ஆயினும் அதன் அங்கங்களை அறிந்த கைகள் இன்னும் நம் சிற்றூர்ப் பட்டறைகளில் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். மெக்கானிக் பெரியவர் எடுத்த எடுப்பில் விலை சொல்லவில்லை. இது நல்ல சகுனம். "முதலில் நோய் என்னவென்று பார்ப்போம், சார்" என்றார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டார். மறுபடியும் பிளக்கைப் பூட்டிக் கிக்கரை மெதுவாக அழுத்தினார். முன்பு தொளதொளவென்று இறங்கிய கிக்கர் இப்போது காலை எதிர்த்து நின்றது.

"எண்ணெய் விட்ட பிறகு அழுத்தம் கூடினால் குறை பிஸ்டன் ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கிறது. கூடாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்" என்று விளக்கினார். பிறகு இஞ்சின் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பிடித்தார். உலோகத் துகள் மின்னினால் உள்ளே ஏதோ அரைபடுகிறது என்று அர்த்தமாம். துணி கறுத்திருந்தது, மின்னவில்லை. கடைசியாகத் தலைப் பாகத்தையும் சிலிண்டரையும் கழற்றிவிட்டு, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார். பக்கவாட்டில் சிறிது ஆடலாம். மேலும் கீழும் ஆடினால் ஆபத்து. ஆடவில்லை. கிராங்க் அறையில் விரிசலும் இல்லை.

சிலிண்டரின் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தது. எழுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தத் துளையைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். இதற்கு ரீபோர் என்று பெயர். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் இருபது, நாற்பது, அறுபது பங்கு என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் உண்டு. இந்தச் சிலிண்டர் இதுவரை ஒரே ஒரு படிதான் ஏறியிருந்தது.

இப்போது பிள்ளையின் யோசனையையும் நியாயமாக ஆராய்ந்தோம். எங்கோ ஒரு வண்டியிலிருந்து இறங்கிய இஞ்சினின் சரித்திரம் யாருக்குத் தெரியும்? நம் இஞ்சினின் நோய் நமக்குத் தெரியும். அதன் நோய் வாங்கிய பிறகுதான் தெரியும். அன்றியும், இஞ்சினின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது. இஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றுப் புதிய எண்ணைப் பதிய வேண்டும். விற்றவன் ரசீது தராவிட்டாலோ, அந்த இஞ்சின் களவு போன வண்டியினுடையதாக இருந்தாலோ, மலிவாய் வாங்கிய சரக்கு வீட்டு வாசலுக்குப் போலீஸாரை அழைத்து வந்துவிடும்.

அதற்காகத் தகப்பனாரின் வாதத்தையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. கிராங்க் அறை வெடித்திருந்தால், பேரிங் அமரும் இடமே தேய்ந்து அகன்றிருந்தால், "தாத்தாவின் இஞ்சின்" என்று கண்ணீர் விட்டு என்ன பயன்? அடிப்படை போன பிறகு பழுது பார்ப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். அப்போது ரசீதோடும் அனுமதியோடும் வேறு இஞ்சின் வாங்குவதே விவேகம். பாசம் நல்லதுதான், ஆனால் பாசத்துக்குப் பட்டறையில் பற்று எழுத மாட்டார்கள்.

தீர்ப்பை யோசித்துக்கொண்டே மாலையில் பெரிய தெருவழியாகத் தேரடிக்கு வந்தோம். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் வலம் வரும் பெரிய தேர் அங்கே நின்றது. தேரில் ஒரு சட்டம் உளுத்தால் ஸ்தபதி அந்தச் சட்டத்தை மாற்றுகிறார். சக்கரமும் அச்சும் பலவீனப்பட்டால் அவற்றை மாற்றுகிறார். தேர் அதே தேர்தான். அப்பால் பதினொரு நிலைகளுடன் ராஜகோபுரம் 217 அடி உயர்ந்து நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்துக் கோபுரம் பழையதாகிவிட்டது என்று யாரும் அதை இடித்துவிட்டு வேறு கட்டவில்லை. திருப்பணி செய்து, 2017-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி மகா கும்பாபிஷேகம் நடத்தினார்கள். உறுதியானதை வைத்துக்கொண்டு, சிதைந்ததை மட்டும் புதுப்பிப்பதற்கு நம் பெரியோர்கள் ஜீர்ணோத்தாரணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈசனையும் இஞ்சினையும் ஒப்பிடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முறைதான் ஒன்று.

ஆகவே நாம் கூறிய தீர்ப்பு: சிலிண்டரை ரீபோர் செய்து, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட வேண்டும். வால்வுகளைச் சோதித்து உட்கார வைக்க வேண்டும். மற்ற அங்கங்களில் கை வைக்கக் கூடாது. வண்டி பட்டறையில் இருக்கும்வரை ஆசிரியர் பஸ்ஸில் போக வேண்டும்; கோயிலில் பாலாலயம் செய்வதில்லையா, அது போல! இவ்வளவுக்கும் பெரியவர் எழுதிக் கொடுத்த மதிப்பு, இஞ்சின் வாங்கிப் பூட்டும் செலவில் பாதிக்கும் குறைவு. அதைப் பார்த்ததும் அம்மாளின் முகம் மலர்ந்தது. கல்லூரிச் சம்பளம் பிழைத்தது.

தீர்ப்பில் ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். வேலை முடியும்வரை பிள்ளை கல்லூரி விட்டதும் பட்டறைக்குப் போய்ப் பெரியவருக்கு உதவியாக நிற்க வேண்டும். அந்தப் பெரியவருக்குச் சீடர் எவரும் இல்லை என்பதை நாம் கவனித்திருந்தோம். அங்கங்கள் கடையில் கிடைக்கும். எண்ணெய் விட்டுக் கிக்கரை அழுத்திப் பார்க்கும் அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காது. வேற்று நாட்டார் கைவிட்ட ஒரு தொழிலைக் காப்பாற்றி வளர்த்த நம் நாட்டில், அந்த அறிவைப் பெற்றுக்கொள்ள ஆளில்லாமல் போகலாமா?

இப்போது நண்பரின் கடிதம் வந்திருக்கிறது. புதுப் பிஸ்டன் பழகும்வரை முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும் என்று பெரியவர் உத்தரவிட்டிருக்கிறாராம். ஆசிரியர் சற்று வேகமாகப் போனால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "மெதுவாகப் போங்கள் அப்பா, தாத்தாவின் இஞ்சின்!" என்கிறானாம்.