இணையர் என்றால் யார்?

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் மண்ணூரில் ஒரே அறையில் மூன்று வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். வெவ்வேறு கம்பெனி, பெரும்பாலும் வெவ்வேறு ஷிப்ட். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அறை கேட்டுப் போன அன்று வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பேரும் யாரு?" இரண்டாவது, "நீங்க என்ன ஆளுங்க?" முதல் கேள்விக்கு "அக்கா தங்கச்சி" என்று சொல்லிவிட்டதால், இரண்டாவதற்கு இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்ல முடிந்தது. ஒருவர் ஊர்த்தெருவில் பிறந்தவர், மற்றவர் சேரியில் பிறந்தவர். எந்தச் சாதியைச் சொன்னார்கள் என்று இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற வருடம் இளையவருக்கு வேலையில் கை நசுங்கியது. மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போன மூத்தவரிடம், "அக்கா தங்கச்சின்னா இனிஷியல் ஏன் வேற வேற?" என்று கேட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து அப்பா வரும்வரை படிவம் மேசையிலேயே கிடந்தது.

ஒருபால் திருமணம் பற்றி நம் தோழர்கள் பேசும்போதெல்லாம் அந்தப் படிவம்தான் என் நினைவுக்கு வருகிறது. "இது மேல்தட்டுப் பிரச்சினை தோழர், சாதி ஒழிப்புதான் முதலில்" என்கிறார்கள். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசும் இதைத்தான் சொன்னது: நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை இது என்று. பா.ஜ.க. அரசின் வாதமும் நம் தோழர்களின் வாதமும் ஒரே வரியில் வந்து நிற்பது நமக்கு உறுத்த வேண்டாமா?

அந்த வழக்கில் மதத்தின் குரல் எதிர்பார்த்தபடியே இருந்தது. அகில பாரதிய சந்த் சமிதியும் ஜமியத் உலமா-இ-ஹிந்தும் வேறு எதிலும் சேராதவர்கள். இதில் ஒரே பக்கம் நின்றார்கள். இதற்குப் பதிலாக நம்மில் சிலர் அர்த்தநாரியையும் மோகினியையும் கூவாகத்து அரவானையும் கொண்டுவருகிறார்கள். திருநர் உரிமைக்கான 2014 நால்சா தீர்ப்பிலேயே இராமாயணமும் மகாபாரதமும் சான்றாக வந்தன. எனக்கு இதில் உடன்பாடில்லை. கூவாகம் திருநங்கைகளுக்கு வருடத்தில் சில நாட்கள் ஒன்றுகூடக் கிடைத்த இடம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உரிமைக்குப் புராணத்தில் சாட்சி தேடினால், புராணத்தில் சாட்சி இல்லாத உரிமைகளை என்ன செய்வது? சேரிப் பெண்ணும் ஊர்ப் பெண்ணும் சேர்ந்து வாழ எந்தப் புராணம் சாட்சி சொல்லும்?

மதச்சார்பற்ற வாதம் என்று வந்தது இன்னும் தந்திரமானது. அரசின் பிரமாணப் பத்திரம் வேதத்தைக் காட்டவில்லை. கணவன், மனைவி, குழந்தைகள் என்பதே இந்தியக் குடும்பம் என்றது. கணவன் உயிரியல் ஆண், மனைவி உயிரியல் பெண். தர்மம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சமூக ஒழுக்கம் என்று போட்டால் அது மதச்சார்பற்றதாகிவிடுமா? 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றி வாசிக்க மறுத்தார்கள். சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணமாக இல்லாவிட்டாலும் ஒரு இணைவாகவாவது அங்கீகரிக்கலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து, அதுவும் தோற்றது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

இந்தக் காட்சியைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் பெரியார் ஒரு திருமணத்தை நடத்தினார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் அப்படி மணந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை, ஆகவே இது செல்லாது என்றது. அந்தப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் இல்லை. பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குறியானது. பழையது அல்ல, எனவே திருமணம் அல்ல என்ற இதே வாதம்தான் அன்றும். அண்ணா ஆட்சி 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, நடந்து முடிந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது.

அந்தப் பிரிவின் அருமை சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்குத் தெரியும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டும் அந்தத் தாள் சாதிவெறியர்களுக்குத் துப்பு. (ஒருபால் வழக்கில் மனுதாரர்கள் அந்த அறிவிப்பையும் எதிர்த்தார்கள் என்பது நம் தோழர்கள் பலருக்குத் தெரியாது.) 7-ஏயில் அந்தத் தாள் இல்லை. நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். வழக்கறிஞர்கள் முன் நடந்தாலும் செல்லும், ஊரறிய அறிவிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ரவீந்திர பட், ஏழு வாரம் கழித்து ஒருபால் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பையும் எழுதினார்.

ஆனால் 7-ஏயின் வாசகத்தைப் படியுங்கள். இரண்டு இந்துக்கள் என்கிறது. மனைவியாக, கணவனாக ஏற்பதாக என்கிறது. புரோகிதரை வெளியேற்றிவிட்டு, அவர் போட்டுவைத்த இரண்டு நாற்காலிகளை அப்படியே வைத்திருக்கிறோம். இத்தனைக்கும் நம் அழைப்பிதழில் "வாழ்க்கை இணையேற்பு விழா" என்றுதான் அச்சடிக்கிறோம். இணையர், துணைவர் என்ற சொற்களில் ஆண், பெண் கிடையாது. நம் மேடையில் நாம் பேசும் மொழி நம் சட்டத்தைவிட முன்னால் போயிருக்கிறது.

திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளது. அன்று செய்தது போல மாநிலச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். ஒப்புதல் வராது என்பீர்கள். நானும் வராது என்றே நினைக்கிறேன். ஆனால் 2023 ஏப்ரல் மாதம் மாநிலங்களின் கருத்தை ஒன்றிய அரசு கேட்டபோது ஏழு மாநிலங்கள் பதில் அனுப்பியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அசாம், ஆந்திரா, ராஜஸ்தான் எதிர்த்தன. மற்றவை அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்த மாநிலத்துக்கு இதில் சொல்ல ஒன்றுமே இல்லையா?

திருமணமே சாதியைக் காக்கும் ஏற்பாடு, அதற்குள் ஏன் நுழைய வேண்டும் என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அந்தக் கேள்வியை மதிக்கிறேன். சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. பெற்றோரிடம் பிடித்துக் கொடுக்கப்பட்ட ஒரு இளம்பெண்ணின் வழக்கு அது. உடுமலை சங்கர் கொலைக்குப் பிறகும், நெல்லையில் கவின் கொலைக்குப் பிறகும், "பெற்ற குடும்பம்" என்ற சொல்லில் என்ன இருக்கிறது என்று நாம் அறிவோம். ஆனால் திருமணத்தை வேண்டாம் என்று சொல்ல, முதலில் அது கைக்கு எட்ட வேண்டும். இஎஸ்ஐ அட்டையில் சார்ந்தோர் பட்டியலில் தோழமைக்கு இடமில்லை. வைப்புநிதி நாமினியும், சட்டம் சொல்லும் குடும்பம் இருந்தால் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

இளையவரின் கை ஓரளவு சரியாகி வேலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. வாடகை கூடியதால் தண்டலம் பக்கம் அறை பார்க்கிறார்கள். இந்த முறை "ஃபிரண்ட்ஸ்" என்று சொல்லலாம் என்கிறார் இளையவர். மூத்தவர் இன்னும் யோசிக்கிறார்: ஃபிரண்ட்ஸ் என்றால் சாதியைத் தனித்தனியாகக் கேட்பார்களே.