பேடல் ஆட ஊர் தேடினோம்!

“அக்கா, இந்த லீவுக்கு எல்லாரும் சேர்ந்து பாடெல் ஆடுறோம்” என்று துபாயிலிருந்து தம்பி போனில் சொன்னான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “பாடலா? நம்ம வீட்டுல யாருக்குல பாட்டு வரும்?” என்றாள்.

பாடெல் என்றும் சொல்கிறார்கள், பேடல் என்றும் சொல்கிறார்கள். அம்மாவைக் குழப்ப வேண்டாம் என்று நாங்கள் பேடல் என்றே வைத்துக்கொண்டோம்.

இன்னும் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டென்னிஸுக்கும் ஸ்குவாஷுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும் இந்த விளையாட்டு. 1969-ல் மெக்ஸிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தன் வீட்டு வளாகத்தில் ஆரம்பித்தது. 1974-ல் ஸ்பெயினுக்குப் போனது. இப்போது வளைகுடா நாடுகளில் எங்கு பார்த்தாலும் இதுதான். சென்னை, பெங்களூரு, மும்பைக்கும் வந்துவிட்டது.

கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும். பக்கத்துக்கு இரண்டு பேர். மட்டையில் நரம்பு கிடையாது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். சர்வீஸை இடுப்புக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். பந்து தரையில் ஒரு தடவை குத்தி, பின்னால் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தாலும் எடுத்து ஆடலாம். விட்ட பந்துக்கு இரண்டாவது வாய்ப்பு தரும் ஆட்டம். குடும்பத்தோடு ஆட இதைவிட என்ன வேண்டும்?

எங்கே போய் ஆடுவது என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அப்பா, அம்மா. இரண்டு தெரு தள்ளி நான், எங்கள் வீட்டுக்காரர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன். துபாயில் தம்பி, தம்பி மனைவி, 12 வயது மகள், 6 வயது மகன். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் இருப்பது வருடத்துக்கு ஒரு வாரம் இருந்தால் அதிகம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி துபாய் என்றான். எங்கள் வீட்டுக்காரர் கோவா என்றார். என் மகன் பெங்களூரு என்றான். அப்பா மட்டும் எதுவும் எழுதவில்லை. நேரில் போய்க் கேட்டேன்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்.”

இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. முந்தைய வருடம் ஒரு மலை வாசஸ்தலத்தில் விடுதி எடுத்திருந்தோம். ‘எல்லா வயதினருக்கும் விளையாட்டு’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கிழிந்த வலையோடு ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு போனோடு அறைக்குள் இருந்தார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கக் கிளம்பினோம். மூட்டு வலிக்காரரான அப்பா இரண்டு நாளும் வரவேற்பறை நாற்காலியில் ஒரே செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, “இடம் நல்லா இருந்துச்சும்மா” என்றார். அவர் இடத்தையே பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு 72 வயது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட எனக்கு மனம் இல்லை. அதனால் இந்தத் தடவை கேள்வியை மாற்றிப் போட்டேன். “எந்த ஊரில் நல்ல கோர்ட் இருக்கிறது?” என்பது இரண்டாவது கேள்வி. “எந்த ஊருக்கு அப்பாவால் வர முடியும்?” என்பது முதல் கேள்வி. ஆட்டத்தில் கெட்டிக்காரருக்கு எந்த ஊரும் சரிப்படும். வரத் தயங்குகிறவரை வைத்துத்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து காலண்டரை எடுத்தோம். நமக்குப் பெரிய லீவு மே மாதம். துபாயில் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அரையாண்டுத் தேர்வு முடிந்து வரும் டிசம்பர் கடைசி வாரம் மட்டும்தான் இரண்டு பக்கமும் லீவு.

பிறகு வானிலை. மே மாத நெல்லை வெயிலில் திறந்த வெளியில் காலை எட்டு மணிக்கு மேல் யாரும் ஆட முடியாது. ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, குற்றாலத்தில் குளிக்கச் சுகமே தவிர, அடித்த பந்தை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். டிசம்பரில் மழை பயம். 2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் தாமிரபரணி பொங்கியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்டதையும் நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அதனால் டிசம்பர் என்றால் கூரை போட்ட கோர்ட்டாக இருக்க வேண்டும், டிக்கெட்டும் அறையும் ரத்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

டிசம்பரில் துபாய் அருமையாக இருக்கும், உண்மைதான். ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது. கோவாவுக்கு நெல்லையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் லீவில் பாதி தீர்ந்துவிடும். பெங்களூருக்கு அப்பா ஒரே வார்த்தையில், “குளிரும்” என்றுவிட்டார். கடைசியில் மிஞ்சியது சென்னை. வந்தே பாரத்தில் காலை ஆறு மணி வாக்கில் ஏறினால் மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர். உட்கார்ந்தே போய்விடலாம். தம்பி குடும்பம் நேராகச் சென்னையில் வந்து இறங்கலாம். மூன்று நாள் சென்னை, பிறகு எல்லோரும் சேர்ந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு.

ஒரு விஷயம்: ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. எங்களைப் போல ஒன்பது பேர் என்றால் இரண்டு பேர் இரண்டு போனில் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோர்ட்டை முன்பதிவு செய்யும் முன் தம்பி போனில் சில கேள்விகள் கேட்டான். உங்களுக்கும் உதவும். கூரை உண்டா? மட்டை வாடகைக்குக் கிடைக்குமா, சிறியவர்களுக்கு எடை குறைந்த மட்டை இருக்கிறதா? ஆடாதவர்கள் உட்கார நிழலும் நாற்காலியும் உண்டா? கழிப்பறை எவ்வளவு பக்கம்? புதியவர்களுக்கு அரை மணி நேரம் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா? கழிப்பறை பற்றிக் கேட்கச் சொன்னது நான். வயதானவர்கள் பலர் வெளியே வரத் தயங்குவதற்குக் காரணமே அதுதான். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

தங்கும் அறையையும் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்தோம். சென்னை டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் ஆடி, ஒரு மணி நேரம் திரும்பி வந்தால் அது லீவு இல்லை, ஆபீஸ்.

கிளம்பும் முன் அப்பாவை அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். “நடக்கலாம், நின்று ஆடலாம், குதிக்கக் கூடாது, பின்னால் ஓடக் கூடாது” என்றார். அப்பா அப்போதும், “நான் சும்மா பாக்கத்தான் வாரேன்” என்றுதான் சொன்னார்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கோர்ட்டில் இறங்கினோம். ஒரு ஆட்டத்துக்கு நான்கு பேர்தான் என்பதால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுவது என்று ஏற்பாடு. மணி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடம் ஆறு வயசுக்காரனுக்கு. அம்மா ஸ்கோர் சொன்னாள். 15, 30-க்குப் பிறகு 45 வராமல் 40 ஏன் வருகிறது என்று அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் 45 என்றே சொன்னாள், நாங்களும் அப்படியே ஆடினோம்.

என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும், “தாத்தா, நீங்க வாங்க” என்று தம்பி மகள் மட்டையை நீட்டினாள். மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். அது கட்டாயம். கை வழுக்கி மட்டை பறந்தால் கண்ணாடிக்கு அல்ல, கூட ஆடுகிறவர் பல்லுக்குத்தான் ஆபத்து.

எதிர்ப்பக்கம் இருந்து தம்பி சர்வீஸ் போட்டான். பந்து தரையைத் தொடும் முன்பே அப்பா அதை அடித்து, தம்பி காலடியில் இறக்கினார். எல்லோரும் கைதட்டினோம். பேத்தி மட்டும், “தப்பு தாத்தா! சர்வீஸை ஒரு தடவை குத்த விட்டுத்தான் அடிக்கணும்” என்றாள்.

“குத்த விட்டா அவுட்டுல்லா?” என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா கல்லூரிக் காலத்தில் பூப்பந்து ஆடியவர். பால் பேட்மின்டன் என்று சொல்வோமே, கம்பளி நூல் பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. தஞ்சாவூர் அரச குடும்பத்தில் 1856 வாக்கில் ஆடத் தொடங்கியது என்று சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் பந்து தரையைத் தொடவே கூடாது. சர்வீஸும் இடுப்புக்குக் கீழேதான். ஐம்பது வருடத்துக்கு முன் பழகிய கை எதையும் மறக்கவில்லை.

பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். “சர்வீஸை நான் எடுக்குற பக்கம் நான் பாத்துக்கிறேன். உங்க பக்கம் வந்தா மட்டும் குத்த விடுங்க. மத்தபடி நீங்க வலைகிட்டயே நில்லுங்க தாத்தா. பின்னால கண்ணாடியில பட்டு வர்றதெல்லாம் எனக்கு.” பேடலில் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் கைதான் ஓங்கும் என்று தம்பி பிறகு சொன்னான். அப்பா நின்ற இடத்தில் நின்றுகொண்டு மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பி, 38 வயது மகனைக் கோர்ட் முழுக்க ஓட விட்டார்.

ஒரே ஒரு தடவை பயந்துபோனோம். தலைக்கு மேல் போன பந்தை எடுக்க அப்பா பின்னால் நாலு அடி வைத்துவிட்டார். தோள் கண்ணாடியில் மோதிய சத்தம் கேட்டு எல்லோரும் அப்படியே நின்றோம். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அவரே சிரித்தார். அதன்பிறகு ஒரு சட்டம் போட்டோம்: தாத்தா தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போடுகிறவருக்குப் பாயிண்ட் கிடையாது. பெரியவர்களோடு ஆடப் போகிறவர்கள் இந்தச் சட்டத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள். மோதிய பிறகு போட வேண்டாம்.

மூன்று நாளும் காலையில் ஒன்றரை மணி நேரம்தான் ஆடினோம். மற்ற நேரம் சாப்பாடு, தூக்கம், பேச்சு. முந்தைய வருடம் போனோடு அறைக்குள் கிடந்த என் மகன், ராத்திரி தாத்தாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அடுத்த நாள் ஜோடியைப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

நெல்லைக்கு வந்த பிறகு ஐந்து நாள். ஒரு நாள் பாபநாசம் போய்த் தாமிரபரணியில் குளித்தோம். ஒரு நாள் அம்மாவின் சொதி. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா பரணில் ஏறச் சொன்னார், என் மகனை. துணி சுற்றிய ஒரு பழைய பூப்பந்து மட்டை கீழே வந்தது. நரம்பு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. கடைக்குப் போய் நரம்பு கட்டி, இன்னும் மூன்று மட்டையும் ஒரு டஜன் மஞ்சள் பந்தும் வாங்கி வந்தார்கள் தாத்தாவும் பேரனும். கேட்டுக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டினோம். இப்போது தப்பு செய்தது துபாய்ப் பேத்தி. பழக்க தோஷத்தில் பந்தைத் தரையில் குத்த விட்டுவிட்டுப் பின்னால் கண்ணாடியைத் தேடினாள். அங்கே பக்கத்து வீட்டு ஆச்சிதான் நின்றுகொண்டிருந்தாள்.

தம்பி குடும்பம் ஊருக்குத் திரும்பும் நாள், பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏட்டி, பாஸ்போர்ட் ஆபீஸு நம்ம ஊர்லயே இருக்குன்னு சொன்னியே. என்னென்ன பேப்பர் கொண்டு போவணும்?”

ஆதார் கார்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுடையதையும் சேர்த்துத்தான். ஸ்கோர் சொல்ல ஆள் வேண்டுமே!