மடிப்பும் உருவம்தான்

மூலக்கூறு ஆய்வு வந்து, உயிர்களைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தும் கலையையே கொன்றுவிட்டதாக ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பச்சைப்பாசிகள் விஷயத்தில் கண் என்னத்தைக் கிழிச்சது? 1890இல் பெயெரிங்க் குளோரெல்லா என்று பெயர் வைத்தார். அதற்கப்புறம் உருண்டையாய், பச்சையாய் எது தென்பட்டாலும் குளோரெல்லாதான். நூறு இனங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டதும் பல வேறு குடும்பம், சில வேறு வகுப்பே என்று தெரிந்தது. 1999இல் ஹஸ் குழு நான்கை மட்டும் விட்டுவைத்தது. அதிலும் ஒன்று பிற்பாடு வெளியேறியது.

ஐ.டி.எஸ்.2 என்றொரு துண்டு. ரைபோசோம் உருவாகும்போது வெட்டி எறியப்படுவது. அதன் எழுத்துகள் சரசரவென்று மாறும். ஆனால் நான்கு கைகளாக மடியும் விதம் பெரும்பாலும் மாறாது. கையின் ஒரு பக்கம் ஜி போய் ஏ வந்தால், எதிரே சி போய் யு வருகிறது. ஜோடி உடையக் கூடாதே! இந்த இரட்டை மாற்றங்களைத்தான் ஆனெட் கோல்மன் இனங்களைப் பிரிக்கும் தடயமாக எடுத்துக்கொண்டார். இது உருவத்தைப் பார்ப்பது இல்லையென்றால் வேறென்ன? ஒரே ஒரு மாற்றத்தைக் காட்டிப் புது இனம் அறிவிக்கிற அவசரக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களும் சரியாகப் பார்க்காதவர்களே.