கதவைத் தட்டும் அட்டை

ஜப்பான் என்றதும் நமக்கு ரோபோவும் புல்லட் ரயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நண்பர்களே, அங்கே தெருவை ஒன்றாக வைத்திருப்பது நம்ம பரீட்சை அட்டை மாதிரி ஒரு சாதாரண அட்டை! பெயர் 'கைரான்பான்'. தெருச் சங்கத்தின் அறிவிப்புகள் அதில் வரும். படித்துவிட்டு, முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் சேர்க்கணும். அந்தச் சாக்கில் பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லா இருக்காங்களா என்பதும் தெரிந்துவிடும்.

இதிலென்ன பெருமை என்கிறீர்களா? 1995 ஜனவரி 17 பூகம்பத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அவாஜி தீவின் ஹொகுதான் ஊரில், யார் எந்த அறையில் தூங்குவார் என்பதுகூட பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருந்ததாம்!

இன்று அங்கேயும் இளைஞர்கள் தெருச் சங்கத்தில் சேரத் தயங்குகிறார்கள். பாரமெல்லாம் முதியவர்கள் தலையில். செல்போனிலும் அறிவிப்பு வரும்தான். ஆனால் அது கதவைத் தட்டாதே! தட்டுகிற கை நம்முடையதாக, இளைஞர்களுடையதாக இருக்கட்டும்.